கண்வளர்ந்தால் கல்வி வளரும்

(சோழபுரத்தில் தமிழன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

தமிழ்க் கூட்டம் என்றவுடன் மொழியின் தொன்மையைப் பற்றியோ, பிறமொழிக் கலப்பைப் பற்றியோ பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். யான் இன்று பேச எடுத்துக்கொண்டது நம் பிள்ளைகளின் உறக்கம். இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அரைக் கண் மூடி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் காதில் தொல்காப்பியத்தைச் சொன்னால் என்ன, திருக்குறளைச் சொன்னால் என்ன? எதுவும் ஏறாது. ஓர் இனத்தின் அறிவு அதன் பிள்ளைகள் கற்கும் வகுப்பறையில் வளர்கிறது. அவ் வகுப்பறைக்குப் பிள்ளை வரவே இல்லையென்றாலும், வந்தும் உறங்கி விழுகிறது என்றாலும், இழப்பு ஒன்றுதான்.

நம் மொழியிலே ‘பள்ளி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குக் கல்வி கற்கும் இடம் என்றும் பொருள். படுக்கும் இடம் என்றும் பொருள். பள்ளியறை என்கிறோம், பள்ளிகொள்ளுதல் என்கிறோம், பள்ளிக்கூடம் என்றும் சொல்கிறோம். அமணத் துறவியர் மலைக் குகைகளில் கல்லிலே படுக்கை வெட்டித் தங்கினர். அவர்கள் தங்கிய இடங்கள் பள்ளிகள் எனப்பட்டன. அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் கல்விச் சாலைக்கும் அப் பெயரே நிலைத்தது என்பர். பெயர் வந்த வழி எதுவாயினும், படுக்கையையும் படிப்பையும் ஒரே சொல்லால் குறிக்கின்ற மொழி நம்முடையது. அவ் விரண்டையும் பகையாக்கிய ஒரு காலமும் இந்த மண்ணிலே இருந்தது. அதைத்தான் முதலில் நினைவூட்ட விரும்புகின்றேன்.

இந்த மண் எத்தகையது? இங்கிருந்து சிறிது தொலைவில் இருக்கின்ற திருவில்லிபுத்தூரிலே வாழ்ந்தவர் பெரியாழ்வார். தமிழ் இலக்கியத்தில் தாலாட்டைப் பாட்டாக்கித் தந்த முன்னோடி அவர். பின்னாளில் வளர்ந்த பிள்ளைத்தமிழுக்கும் அவரே வழிகாட்டி. தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. அவர் மகளாகப் போற்றப்படும் ஆண்டாள் பாடிய திருப்பாவையோ உறங்கும் பெண்களை வைகறையில் எழுப்புகின்ற பாட்டு. உறங்க வைக்கும் பாட்டும் உறக்கத்தினின்று எழுப்பும் பாட்டும் ஒரே ஊரில் பிறந்தன. சமயத்தை விடுங்கள், ஒரு குமுகாயம் தன் பிள்ளைகளின் துயிலை எவ்வளவு கருத்தாய்ப் போற்றியது என்பதை மட்டும் பாருங்கள்.

அதே நிலப்பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், பிள்ளைகளை எழுப்பியது பாட்டன்று. ஆலைப் பேருந்தின் ஊதொலி!

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் வேர்கொண்டது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் பயின்று வந்து தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் மண்ணிலே பல்லாயிரவர்க்கு அது சோறிட்டது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அத் தொழில் பெருகப் பெருகப் பெரியவர்களின் கை போதவில்லை என்று சொல்லிப் பிள்ளைகளின் கையைத் தேடினார்கள். குறைந்த கூலிக்குக் கிடைக்கும் கை என்பதே உண்மை. சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், கோவிற்பட்டி வட்டாரச் சிற்றூர்களுக்கு ஆலைப் பேருந்துகள் சென்றன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு முகவர். பெற்றோர்க்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையின் பெயரைப் பதிவு செய்வார். பொழுது விடியுமுன் வீடு வீடாகச் சென்று எழுப்பிப் பேருந்தில் ஏற்றுவதும் அவர் வேலையே.

எத்தனை மணிக்குத் தெரியுமா? மூன்று மணி முதல் ஐந்து மணிக்குள். திரும்பி வீடு சேர மாலை ஆறு ஆகலாம். தொலைவிலுள்ள ஊர்களுக்கு எட்டும் ஒன்பதும் ஆகும். சிமிது கோத்தாரி என்னும் ஆய்வாளர் 1983-இல் இதை விரிவாக எழுதி இந்திய நாடெங்கும் அறியச் செய்தார். ஏறத்தாழ 45,000 பிள்ளைகள் இவ்வாறு உழைத்தனர் என்பது அக்காலத்தில் சொல்லப்பட்ட கணக்கு. அவர்களுள் பெண்பிள்ளைகளே மிகுதி. 1990-இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ‘குட்டி சப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அப் பிள்ளைகளைப் பற்றியதே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எட்டு மணிக்கு வீடு வந்து, உண்டு, ஒன்பது மணிக்குப் படுத்த பிள்ளையை மூன்று மணிக்கு எழுப்பினால் அது உறங்கியது ஆறு மணி நேரம். பத்து அகவைப் பிள்ளைக்குக் குறைந்த அளவு ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் குறைகிறது. கிழமைக்கு ஆறு நாள் வேலை என்றால் பதினெட்டு மணி நேரம். அஃதாவது, ஒவ்வொரு கிழமையும் இரண்டு முழு இரவின் உறக்கத்தை அப் பிள்ளையிடமிருந்து பறித்தார்கள். கூலி கொடுத்தது கைக்கு. கண்ணுக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

1976-இல் அத்தகைய பேருந்து ஒன்று நேர்ச்சிக்குள்ளாகிப் பிள்ளைகள் பலர் மாண்டனர். அதன் பின்னர்த்தான் தமிழக அரசு அரிபாசுகர் என்பார் தலைமையில் ஒரு குழு அமைத்து உசாவியது. அதற்கு முன் சட்டம் இல்லையா? இருந்தது. பதினான்கு அகவைக்குட்பட்ட பிள்ளையை ஆலையில் அமர்த்தலாகாது என்று இந்திய அரசமைப்பும், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் முன்பே கூறியிருந்தன. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பிள்ளைகளை அமர்த்தத் தடையில்லாத தொழில்களிற் கூட, மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 8 மணிக்கு முன்னும் அவர்களிடம் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. பிள்ளையின் இரவு பிள்ளைக்கே உரியது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனாலும் அச் சட்டம் ஆலைக் கதவைத்தான் பார்த்தது. ஊர் முனையில் வந்து நின்ற பேருந்தின் மணியைப் பார்க்கவில்லை.

மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 10-ஆம் நாள் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. கேடு விளைக்கும் தொழிலில் ஒரு பிள்ளையை அமர்த்தினால், அப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 20,000 உருபா கட்ட வேண்டும் என்றது. 2016-இல் சட்டம் மேலும் இறுகியது. பதினான்கு அகவைக்குட்பட்டோரை எத் தொழிலிலும் அமர்த்துதல் தடையாயிற்று; பதினெட்டு வரையுள்ளோரைக் கேடு விளைக்கும் தொழிலில் அமர்த்துதலும் தடையாயிற்று. அந் நாளைய பேருந்துகள் இன்று அவ்வாறு வருவதில்லை. அது பல நல்லோர் உழைப்பின் பயன். இந்த வட்டாரத்தில் ஐம்பது அகவை கடந்த தாய்மார் பலர் அப் பேருந்துகளில் ஏறியவர்களே. பள்ளியின் படியை மிதியாமலே முடிந்துபோன தங்கள் இளமையை அவர்களே நன்கறிவர்.

பேருந்து போயிற்று. பிள்ளைகளின் துயில் திரும்பி வந்ததா? இதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உறக்கம் என்பது வேலையற்றுக் கிடத்தல் அன்று. உறங்கத் தொடங்கிய முதற் சில மணி நேரத்து ஆழ்துயிலில்தான் உடலை வளர்க்கும் சுரப்பு மிகுதியாக ஊறுகிறது. பகலில் கற்றவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்வதும் துயிலில்தான். நம் தாய்மார் குழந்தையைத் தூங்கு என்பதினும் கண்வளர் என்று சொல்வதையே இனிமையாகக் கொண்டனர். உறங்கும் பிள்ளை வளர்கிறது என்பது வெறும் உவமையன்று, உடற்கூறும் அதுவே. ஆறு முதல் பன்னிரண்டு அகவை வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் துயில் மருத்துவர் கழகம் 2016-இல் வரையறுத்தது.

இன்னொன்றும் அறிக. பருவம் எய்தும் அகவையில் பிள்ளையின் உடலுக்குள் இயங்கும் நாழிகை வட்டில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. துயிலைக் கொண்டுவரும் சுரப்பு அவர்கட்கு இரவில் காலந்தாழ்ந்தே ஊறுகிறது. ஆகவே, பதினைந்து அகவை மகன் இரவு பத்து மணிக்குப் புரண்டு கிடப்பதும், காலை ஐந்து மணிக்கு எழ மாட்டாமல் தவிப்பதும் சோம்பலாலன்று; வளர்ச்சியால். அவனை மடியன் என்று வைவது, மீசை அரும்பியதற்காக அவனை வைவது போன்றது.

இது பள்ளி வருகையை எவ்வாறு தாக்குகிறது? படிப்படியாகப் பாருங்கள். போதிய உறக்கமில்லாத பிள்ளை காலந்தாழ்ந்து எழுகிறது. உண்ணாமல் ஓடுகிறது. பள்ளிக்குப் பிந்திச் செல்கிறது. வாயிலில் நிறுத்தப்படுகிறது. மறுநாள் பிந்தினால், நிற்க வேண்டுமே என்னும் அச்சத்தால் போகாமலே இருந்து விடுகிறது. ஒரு நாள் விடுபட்ட பாடம் மறுநாள் விளங்குவதில்லை. விளங்காத பாடம் வெறுப்பைத் தருகிறது. வெறுப்பு இன்னொரு நாளை விழுங்குகிறது. இவ்வாறு ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நழுவுகின்றது. ‘படிப்பு ஏறவில்லை’ என்று முடிவு கட்டி விடுகிறோம். ஏறாமற் போனது படிப்பா? இறங்காமற் போனது உறக்கமா?

வட அமெரிக்காவில் சியாட்டில் என்னும் நகரத்தார் 2016-இல் தம் மேனிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினர். பிள்ளைகள் அவ் வளவு நேரமும் இரவில் விழித்திருந்து வீணாக்குவர் என்று பலர் கூறினர். நடந்தது வேறு. 2018-இல் வெளிவந்த ஆய்வின்படி, பிள்ளைகள் நாள்தோறும் 34 மணித்துளி கூடுதலாக உறங்கினர். ஆய்ந்த இரு பள்ளிகளுள் ஏழைப் பிள்ளைகள் மிகுதியாகப் பயின்ற பள்ளியில் பிந்தி வருதலும் வராதிருத்தலும் குறைந்தன. உறக்கத்தின் நன்மை ஏழைப் பிள்ளைக்கே முதலில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னிய மாநிலத்தார் 2019-இல் இதைச் சட்டமாகவே இயற்றினர். 2022 சூலை முதல் அங்கு மேனிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது.

நம் நாட்டில் கடிகாரமே சற்று முந்தி ஓடுகிறது. இந்திய நேரம் என்பது கிழக்கு 82½ பாகைக் கோட்டைக் கொண்டு வகுத்தது. இராசபாளையம் வட்டாரமோ ஏறத்தாழ 77½ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு மணித்துளி. ஆகவே கடிகாரம் காலை ஆறு என்று காட்டும்போது நம் ஊர்க் கதிரவனுக்கு ஐந்தே முக்காலும் ஆகவில்லை. ஐந்து மணிக்கு எழுப்பினேன் என்று பெருமை கொள்ளும் தந்தை, உண்மையில் நான்கு நாற்பதுக்கு எழுப்புகிறார்.

இங்கே ஒரு தடை எழும். ‘வைகறையில் துயிலெழ வேண்டும் என்று ஔவையார் ஆத்திசூடியில் சொன்னாரே, வள்ளுவப் பெருந்தகை மடியின்மை என்னும் அதிகாரத்தில் பெருந்துயிலைக் கேடுகளுள் ஒன்றாக வைத்தாரே, நீர் பிள்ளைகளை உறங்கச் சொல்கின்றீரே’ என்று புலவர் எவரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை சொல்வேன்.

வள்ளுவர் அவ் வதிகாரத்தில் பேசுவது குடியைத் தாங்க வேண்டிய ஆள்வினையாளனைப் பற்றி. தன் குடியை உயர்த்தக் கடமைப்பட்டவன் மடியில் கிடந்தால் குடி கெடும் என்பது அவர் கருத்து. பத்து அகவைப் பிள்ளையைப் பார்த்து அவர் அதைக் கூறவில்லை. ஔவையார் பிள்ளைகளுக்குத்தான் சொன்னார், ஐயமில்லை. ஆனால், எப்போது படுத்த பிள்ளைக்கு? நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். மாலை பத்து மணியளவில் முடியும், அதன்பின் யாமம், இரண்டு மணிக்கு மேல் விடியும் வரை வைகறை. விளக்கெண்ணெயை அளந்து எரித்த காலத்தில் மாலைப் பொழுது முடியுமுன்னே பிள்ளைகள் உறங்கி விட்டனர். முன்னிரவில் உறங்கிய பிள்ளைக்கு, வைகறையின் இறுதியில் எழுவது இயல்பு. நள்ளிரவு வரை கைப்பேசியை நோக்கிக் கிடந்த பிள்ளைக்கு ஔவையின் பாதி அறிவுரையை மட்டும் சொல்வது முறையாகுமா? மேலும், ஔவை எழச் சொன்னது கற்பதற்கு. ஆலைக்காரர் எழுப்பியது தீக்குச்சி அடுக்குவதற்கு. இரண்டும் ஒன்றாகா.

இன்றைய நிலைக்கு வருவோம். சென்ற தலைமுறையில் தீப்பெட்டி ஆலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பேருந்து வந்தது. இன்று தொலைவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்லச் சிற்றுந்து வருகிறது. இரண்டையும் ஒன்று என்று கூறேன். அது உழைப்புச் சுரண்டல், இது பெற்றோர் விரும்பிச் செய்வது. ஆயினும் ஊரூராய்ச் சுற்றி ஏற்றுகின்ற ஊர்தியில் முதலில் ஏறும் சிற்றூர்ப் பிள்ளை, இருள் பிரியுமுன்னே எழுந்தாக வேண்டியிருக்கிறது. நடந்து செல்லும் தொலைவிலே தாய்மொழியில் கற்பிக்கும் பள்ளி இருக்கும்போது, ஒரு மணி நேர உறக்கத்தையும் ஒரு மணி நேரப் பயணத்தையும் விலையாகக் கொடுத்து நாம் வாங்குவது யாது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, நம் வட்டாரத் தொழில். இராசபாளையத்து நூற்பாலைகள் இரவும் பகலும் முறைமாற்றி ஓடுகின்றன. சத்திரப்பட்டிப் பகுதியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசை அடுத்த வீட்டுத் தொட்டிலையும் எட்டுகிறது. தாய் இரவு வேலைக்குச் சென்றால் வீட்டு மூத்த பெண்தான் தாய். தம்பியை உறங்க வைப்பவளும் அவளே. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து உலை வைப்பவளும் அவளே. ஒன்பதாம் வகுப்பில் அவள் வருகை குறைவதை ஆசிரியர் பதிவேட்டில் காண்கின்றார். அவள் உறங்கிய மணியை எந்தப் பதிவேட்டில் காண்பது?

இந்த மாவட்டத்தில், விருதுநகரில் பிறந்தவர் காமராசர். தாமே பள்ளிப் படிப்பை இடையில் விட நேர்ந்தவர். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று உணர்ந்து 1956-இல் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் ம.கோ.இரா. அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் தொடக்க வகுப்புகளுக்குக் காலையுணவும் வந்தது. எழுபது ஆண்டுகளாகப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தோம், நன்று. பிள்ளையின் கண்ணைப் பார்த்தோமா?

அரசு செய்ய வேண்டியவை பல. அவற்றைக் கேட்போம். ஆனால் எவரையும் எதிர்பாராமல் நாமே செய்யக் கூடியவற்றை இங்கே சொல்லி அமர்வேன்.

ஒன்று: பன்னிரண்டு அகவைக்குட்பட்ட பிள்ளை இரவு ஒன்பது மணிக்குள் படுத்தல் வேண்டும். காலை ஆறு மணிக்கு முன் எழுப்புதல் கூடாது. ஒன்பது மணி நேரம் என்பது குறைந்த அளவு, அதையும் வெட்டாதீர்கள்.

இரண்டு: படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைதல் வேண்டும். பெரியவர்களுடையது உள்பட. தந்தையின் கையில் ஒளிரும்போது மகன் கண் மூடான்.

மூன்று: ஒலிபெருக்கி. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரசு ஆண்டில் சில நாள்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்களிக்கலாம். கோயில் விழாவாயினும், திருமண வீடாயினும், கட்சிக் கூட்டமாயினும், தமிழ்க் கூட்டமேயாயினும் விதி ஒன்றே. தேர்வுக் காலத்தில் நம் தெருவில் ஒலிபெருக்கி அலறினால் அதை நிறுத்தும் முதற்கை நம் கையாக இருக்கட்டும்.

நான்கு: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அக் குழுவில் சென்று அமருங்கள். பிந்தி வந்த பிள்ளையை வெயிலில் நிறுத்தாமல், ஏன் பிந்தினாய் என்று கேட்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகளை விடியுமுன் வைக்காமல் மாலையில் வைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, இரவில் யார் வீட்டில் இருக்கின்றார், யார் சமைக்கின்றார் என்று அறியுங்கள்.

ஐந்து: தாய் இரவு வேலைக்குச் செல்லும் வீடுகளில், அக்கம்பக்கத்தார் முறை வைத்து ஒரு வேளை உலையையும் ஒரு குடம் தண்ணீரையும் பகிர்ந்துகொள்ளுங்கள். மூத்த பெண்ணுக்கு ஒரு மணி நேரம் உறக்கம் கிடைக்கும். அவள் பள்ளிக்குச் செல்வாள். அவள் மகள் அவளைவிட மேலாகப் படிப்பாள். இதற்குப் பணம் வேண்டா, மனம் வேண்டும்.

தமிழர்களே! ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வைகறையை இந்த மண்ணில் விற்றோம், வாங்கியவர் வாங்கினர். அதைச் சட்டம் தடுக்கப் பல்லாண்டுகள் ஆயின. இப்போது அதே வைகறையைக் கைப்பேசிக்கும், சிற்றுந்துக்கும், நம் கவனமின்மைக்கும் விலையின்றியே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைத் தடுக்க எந்தச் சட்டமும் வீட்டுக்குள் வராது. பெற்றோரே வர வேண்டும்.

இக் கூட்டத்தை ஒன்பது மணிக்குள் முடிப்போம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுள்ளனர். பாராட்டுகின்றேன். மணி எட்டே முக்கால் ஆகிறது. முன்வரிசைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை காலை வகுப்பில் அவர்கள் கண் விழித்திருக்கட்டும்.